ஏழு மணி நேரத்தில் எழுந்த வீடு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பது நம்மூர்ப் பழமொழி. மனை பார்த்த நாளிலிருந்து கிரகப்பிரவேசம் வரை எத்தனை மாதம் ஓடும், எத்தனை செருப்பு தேயும் என்பது கட்டியவர்களுக்குத் தெரியும். பாரிஸில் 1956-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சேன் நதிக்கரையில், ஜனங்கள் நின்று வேடிக்கை பார்க்க, ஒரு முழு வீட்டை ஏழே மணி நேரத்தில் நிறுத்திக் காட்டினார்கள். கூடம், படுக்கையறைகள், சமையலறை, குளியலறை எல்லாம் சேர்த்து 57 சதுர மீட்டர். வீடில்லாத ஏழைக் குடும்பங்களுக்கென்றே யோசித்துச் செய்த வீடு. தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து நாடெங்கும் அனுப்புவதாகத் திட்டம். கடைசியில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் செய்தார்கள். காரணம், ஒரு காகிதம் கிடைக்கவில்லை.

இப்போது டைனி ஹவுஸ் என்று ஒரு பேச்சு எங்கும் அடிபடுகிறது. சின்ன வீடு, குறைந்த செலவு, குறைந்த மின்சாரம், பூமிக்கும் நல்லது என்கிறார்கள். ('சின்ன வீடு' என்று எழுதினால் நம் வாசகர்கள் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே இந்தக் கட்டுரையில் குட்டி வீடு என்றே எழுதுகிறேன்.) அவர்கள் சொல்வதெல்லாம் சரிதான். ஆனால் குட்டி வீடு என்பது புதிய கண்டுபிடிப்பு இல்லை. எழுபது வருடத்துக்கு முன்பே பிரான்சில் அதை எல்லா விதத்திலும் செய்து பார்த்துவிட்டார்கள். ஒன்று சொர்க்கமாக இருந்தது, ஒன்று நரகமாக இருந்தது, ஒன்று பிறக்கும்போதே போய்விட்டது. மூன்றும் நான்கைந்து வருடத்துக்குள் நடந்தவை.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். எங்கள் வகுப்பில் 'திக்தே' என்றால் எல்லோருக்கும் வயிறு கலங்கும். மிசியே நிறுத்தி நிறுத்தி வாசிப்பார், நாங்கள் எழுத வேண்டும். ஒவ்வொரு பிழைக்கும் மதிப்பெண் கழியும். ஒருநாள் அவர் வாசித்த பத்தி 1954-ஆம் வருடத்துக் குளிர்காலத்தைப் பற்றியது. குளிரில் மனிதர்கள் செத்துப்போனார்கள் என்று அதில் வந்தது. எங்களுக்குப் புரியவில்லை. மார்கழியில் காதில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு பால் வாங்கப் போவதுதான் புதுவையில் எங்களுக்குத் தெரிந்த குளிர். குளிரில் எப்படி மிசியே சாவார்கள் என்று பின்வரிசையில் ஒருவன் கேட்டான். ஐஸ் கம்பெனியில், ஐஸ் பாளத்தின் மேல், ஈரச் சட்டையோடு ஒரு ராத்திரி படுத்துப் பார் என்றார். அப்புறம் யாரும் கேட்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் புதுவை இன்னும் பிரெஞ்சுக் கொடியின் கீழ்தான் இருந்தது. நவம்பர் 1-ஆம் தேதிதான் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. அதனால்தானோ என்னவோ, அந்தச் செய்தியை எங்கள் பெரியவர்கள் அயல்நாட்டுச் செய்தியாகப் பேசியதில்லை.

நடந்தது இதுதான். போரில் பிரான்சின் ஊர்கள் இடிந்து கிடந்தன. போர் முடிந்து ஒன்பது வருடம் ஆகியும் வீடு போதவில்லை. பாரிஸைச் சுற்றிக் குடிசைகளிலும் கூடாரங்களிலும் பழைய வண்டிக் கூடுகளிலும் ஜனங்கள் இருந்தார்கள். 1954 ஜனவரி முதல் வாரத்தில், பழைய பஸ் ஒன்றில் குடியிருந்த குடும்பத்தின் மூன்று மாதக் குழந்தை குளிரில் இறந்தது. அவசரக் குடியிருப்புகளுக்கு நிதி கேட்ட ஒரு யோசனையைப் பாராளுமன்றத்தில் அப்போதுதான் தள்ளிவைத்திருந்தார்கள். அபே பியேர் என்ற பாதிரியார், அந்தக் குழந்தையின் அடக்கத்துக்கு வரும்படி வீட்டு வசதி மந்திரிக்குப் பத்திரிகையில் பகிரங்கக் கடிதம் எழுதினார். மந்திரியும் வந்தார்.

அபே பியேரின் இயற்பெயர் ஆன்ரி குரூயேஸ். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது தலைமறைவு வேலை செய்தபோது வைத்துக்கொண்ட பெயர்தான் அபே பியேர். போருக்குப் பின் சில வருடம் பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 1949-இல் எம்மாவுஸ் என்ற அமைப்பைத் தொடங்கி, சிறையிலிருந்து வந்தவர்கள், குடியால் கெட்டவர்கள், போக்கிடம் இல்லாதவர்கள் எல்லோரையும் சேர்த்து, பழைய துணியும் காகிதமும் இரும்பும் பொறுக்கி விற்று, அந்தப் பணத்தில் குடும்பங்களுக்குச் சிறு வீடுகள் கட்டிக் கொடுத்தார். பல வீடுகளுக்கு அனுமதியே கிடையாது. முதலில் கூரையைப் போடு, கடுதாசியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அவர் வழி. (அரசாங்க ஊழியனாக இதை நான் ஆதரிக்கக் கூடாது.)

பிப்ரவரி 1-ஆம் தேதி, பாரிஸில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி வரை போயிருந்த நாட்களில், ரேடியோ லக்சம்பர்க்கில் அவருடைய வேண்டுகோள் ஒலிபரப்பானது. முந்தின இரவு மூன்று மணிக்கு செபாஸ்தபோல் சாலை நடைபாதையில் ஒரு பெண் விறைத்து இறந்துகிடந்தாள், அவள் கையில் பிடித்திருந்தது இரண்டு நாள் முன்பு அவளை வீட்டைவிட்டு வெளியேற்றிய உத்தரவு என்று அவர் சொன்னார். எங்கள் திக்தேயில் வந்த பத்தி இதைப் பற்றியதுதான். குளிரை நாங்கள் புரிந்துகொள்ளவில்லை. ஆனால் அந்தக் கையிலிருந்த காகிதம் என் மனத்தில் நின்றுவிட்டது. பிற்பாடு 33 வருடம் காகிதத்தோடே வாழப் போகிறவன் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

வேண்டுகோளுக்குப் பிறகு பாரிஸே கிளம்பி வந்தது. போர்வை, அடுப்பு, கோட்டு, பணம் எல்லாம் மலைபோலக் குவிந்தன. நன்கொடைப் பணம் மட்டும் 50 கோடி பிராங்க். சார்லி சாப்ளின் 20 லட்சம் கொடுத்தார். பாராளுமன்றம் சில வாரத்துக்கு முன் மறுத்ததை மறந்து, 12,000 அவசரக் குடியிருப்புகளுக்காக 1,000 கோடி பிராங்கை ஒருமனதாக ஒதுக்கியது. (பழைய பிராங்க். 1960-இல் இரண்டு சைபரை வெட்டிவிட்டார்கள்.) 1956 டிசம்பரில் ஒரு சட்டமும் வந்தது. குளிர்காலத்தில் வாடகைக்காரரை வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்ற சட்டம். இன்றைக்கும் பிரான்சில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை அது நடைமுறையில் இருக்கிறது.

இங்கே இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். அபே பியேர் 2007-இல் இறந்தார். பல வருடம் பிரெஞ்சுக்காரர்கள் மிகவும் மதிக்கும் மனிதர்களின் பட்டியலில் முதலில் நின்றவர். 2024-இல் அவர் தங்களிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாகப் பல பெண்கள் சொன்னது வெளியே வந்தது. அவர் தொடங்கிய அமைப்பினரே அதை விசாரிக்க வைத்து, அறிக்கையையும் வெளியிட்டார்கள். அவர் பெயரில் இருந்த வீட்டு வசதி அறக்கட்டளை பெயரையே மாற்றிக்கொண்டது. சிறு வயதில் எங்களுக்கு மகானாகக் காட்டப்பட்டவர். அந்தப் பெண்கள் பேசுவதற்கு எத்தனை வருடம் ஆனது என்பதை நினைத்தால் மனம் கசக்கிறது. இதை மறைத்து அவர் கதையை எழுத எனக்கு விருப்பமில்லை.

இனி வீடுகளுக்கு வருகிறேன். அவசரக் குடியிருப்பு என்று அரசாங்கம் கட்டியவை வேகத்துக்காகக் கட்டப்பட்டவை. மெல்லிய சுவர், ஈரம், ஊருக்கு வெளியே மனை. சில வருடத்துக்குள் பலவும் சேரிகளாகிவிட்டன. அதைவிட மோசம் பாரிஸுக்குக் கிழக்கே நுவாசி-லெ-கிரான் என்ற இடத்தில் நடந்தது. அங்கே முதலில் கூடாரம் போட்டார்கள், பிறகு 'இக்ளூ' என்று ஒன்று நிறுத்தினார்கள். எஸ்கிமோ வீடு போல இருக்கும் என்று பெயர். கல்நார் சிமெண்ட் ஓட்டை அரைவட்டமாக வளைத்துக் கவிழ்த்தால் என்ன கிடைக்குமோ அதுதான். நம் ஊரில் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைக்குள் சித்திரையில் உட்கார்ந்தவர்களுக்கு அது கோடையில் எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சுமார் 250 குடும்பங்கள் சேற்றுக்கு நடுவே இருந்தன. தண்ணீருக்குப் பொதுக் குழாய்தான், அதுவும் ஒன்றிரண்டு.

சில மாதத்துக்கு என்று போட்டது, பதினைந்து வருடத்துக்கு மேல் நின்றது. 'தற்காலிகம்' என்ற சொல்லை அலுவலகத்தில் நான் எத்தனையோ கோப்புகளில் எழுதியிருக்கிறேன். அதைவிட நிரந்தரமான சொல் அரசாங்கத்தில் இல்லை. 1956-இல் அந்த முகாமுக்கு ஜோசப் ரெசின்ஸ்கி என்ற இன்னொரு பாதிரியார் வந்தார். அவரே பட்டினியில் வளர்ந்தவர். தினமும் சூப் ஊற்றுவதை நிறுத்தி, முகாமுக்குள் ஒரு நூலகமும் குழந்தைகளுக்கு ஒரு பள்ளியும் ஏற்படுத்தினார். அங்கேதான் 'நான்காம் உலகம்' என்ற பெயரில் பின்னால் உலகெங்கும் பரவிய இயக்கம் பிறந்தது. பிச்சை போடுகிறவர்களுக்கு அவர் மேல் கோபம் வந்ததாம். வராமல் இருக்குமா?

இந்த இக்ளூவும் குட்டி வீடுதான். விலை குறைவு, பொருள் குறைவு, நிலம் குறைவு. இன்று குட்டி வீட்டைப் புகழ்ந்து சொல்லும் எல்லாக் காரணமும் அதற்கும் பொருந்தும். குடியிருந்தவர்களைக் கேட்டால்தான் வேறு பதில் வரும்.

இதற்கு இரண்டு வருடம் முன்னால், அதே பிரான்சின் தென்கோடியில், மத்தியதரைக் கடலோரம் ரொக்புரூன்-காப்-மார்த்தேன் என்ற ஊரில் இன்னொரு குட்டி வீடு எழுந்தது. கட்டியவர் உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே. அப்போது அவர் நம் பஞ்சாபில் சண்டிகர் நகரத்தையே வரைந்துகொண்டிருந்தார். 1951 டிசம்பர் 30-ஆம் தேதி, கடலோரச் சிற்றுண்டிக் கடையின் மேசையில், முக்கால் மணி நேரத்தில் வரைந்த படம், மனைவிக்குப் பிறந்தநாள் பரிசு. 'கபனோன்' என்று பெயர், குடில் என்று அர்த்தம். 3.66 மீட்டருக்கு 3.66 மீட்டர். நம் கணக்கில் சொன்னால் 12-க்கு 12, ஒரு சாதாரண படுக்கையறை. உயரம் 2.26 மீட்டர், ஏழரை அடிகூட இல்லை. அதற்குள் கட்டில், மேசை, அலமாரி, முகம் கழுவும் தொட்டி, ஒரு மூலையில் திரைக்குப் பின்னால் கழிப்பறை. கோர்சிகா தீவில் தச்சர் செய்து பாகம் பாகமாக அனுப்பிய பலகைகளைப் பூட்டி 1952-இல் முடித்தார்கள். ஒவ்வொரு கோடையிலும் வந்து தங்கினார். 1965 ஆகஸ்ட் 27-ஆம் தேதி, அதே குடிலின் கீழே கடலில் குளிக்கப் போனவர் திரும்பவில்லை. இன்று அது யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. 2016-இல் சண்டிகரின் தலைமைச் செயலக வளாகத்தையும் இந்த 12-க்கு 12 குடிலையும் ஒரே பதிவில் சேர்த்தார்கள்.

படங்களில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் குடிலில் சமையலறை இல்லை. ஏன் வேண்டும்? சுவருக்கு அந்தப் பக்கமே சிற்றுண்டிக் கடை. கடைக்காரர் அவருடைய நண்பர். ஒரு கதவைத் திறந்தால் மீன் வறுவலும் வைனும் வந்துவிடும். குளியல் வெளியே. பொழுது போக்கக் கடல். பாரிஸில் அவருக்குப் பெரிய வீடும் அலுவலகமும் இருந்தன. அவருடைய 144 சதுர அடி 144 சதுர அடியாக இருந்ததே இல்லை. கடையும் கடலும் பாரிஸும் அதன் மற்ற அறைகள். நுவாசி-லெ-கிரானின் தாய்க்குச் சுவருக்கு அந்தப் பக்கம் சேறு இருந்தது. தண்ணீர்க் குழாய்க்கு வரிசை இருந்தது. இரண்டு வீடும் குட்டி வீடுதான். நீள அகலத்தை மட்டும் எழுதி கோப்பில் வைத்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

இப்போது அந்த ஏழு மணி நேர வீடு. அதைச் செய்தவர் ழான் புரூவே. கட்டடக் கலைப் பட்டம் இல்லாதவர். கொல்லுப்பட்டறையில் இரும்பு அடித்துக் கற்றவர். நான்சி நகரத்துக்காரர். தகப்பனார் பெயர்பெற்ற ஓவியர். ஜெர்மானியர்களிடமிருந்து ஊர் விடுதலையானதும் சில மாதம் அதற்கு மேயராகவும் இருந்தார். இரும்புத் தகட்டை மடித்து வளைத்து நாற்காலி செய்வதும் வீடு செய்வதும் அவருக்கு ஒரே வேலைதான்.

லோரேன் பகுதியில் ஊர்கள் தரைமட்டமாகிக் கிடந்தபோது, 1944, 45-இல் அரசாங்கத்துக்காக அவர் கழற்றிப் பூட்டும் வீடுகள் செய்தார். 6 மீட்டருக்கு 6 மீட்டர், அதாவது 388 சதுர அடி. இன்னொன்று 6-க்கு 9. நடுவில் மடித்த இரும்புத் தகட்டாலான ஒரு சட்டம், பார்ப்பதற்குக் கவட்டை போல இருக்கும். அதன்மேல் ஒரு விட்டம். மற்றதெல்லாம் மரப்பலகை. லாரியில் வரும், சிலபேர் சேர்ந்து ஒரே நாளில் பூட்டிவிடலாம். அஸ்திவாரம் தோண்ட வேண்டாம். முக்கியமானது இதுதான்: அகதி முகாமுக்கு அனுப்பாமல், இடிந்த வீட்டின் பக்கத்திலேயே, அவரவர் மண்ணிலேயே நிறுத்தலாம். விவசாயி தன் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே வீட்டைத் திருப்பிக் கட்டலாம். வேலை முடிந்ததும் கழற்றி எடுத்துவிடலாம், மண் பழையபடி மண்ணாக இருக்கும். இன்று 'சுற்றுச்சூழலுக்கு உகந்த' என்று நீட்டி முழக்கும் சங்கதியை அந்த மனிதர் பஞ்சத்தில் செய்தார். இரும்பு கிடைக்கவில்லை என்பதால் குறைவாகப் போட்டார்.

1953-இல் பங்குதாரர்களோடு ஒத்துவராமல் தன் தொழிற்சாலையே அவர் கையைவிட்டுப் போனது. அந்த நிலையில்தான் அபே பியேரிடமிருந்து அழைப்பு வந்தது. மலிவாக, வேகமாக, ஆனால் மனிதன் இருக்கும்படி ஒரு வீடு வேண்டும். ஒரு சோப்புக் கம்பெனி விளம்பரத்தோடு சேர்த்துப் பணம் கொடுத்தது. வீட்டுக்கு 'மெஸோன் தே ழூர் மெய்யேர்' என்று பெயர் வைத்தார்கள், நல்ல நாட்களின் வீடு.

அதன் அமைப்பை நான் ரசித்துப் படித்தேன். தரையில் ஆழமில்லாத தாம்பாளம் போல ஒரு சிமெண்ட் அடித்தளம். அதன் நடுவில், தொழிற்சாலையிலேயே முழுதாகச் செய்து லாரியில் கொண்டுவந்த இரும்பு உருளை ஒன்று. அந்த உருளைக்குள்தான் குளியலறையும் கழிப்பறையும், அதை ஒட்டிச் சமையல் மேடையும். தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய் எல்லாம் அதிலேயே பொருத்தி வந்துவிடும். அந்த உருளையே தூண். அதன் தலையில் விட்டத்தை வைத்துக் கூரையைப் போட்டார்கள். சுற்றிலும் மரப் பலகைச் சுவர். குழாய் வேலைக்காரருக்காக மூன்று வாரம் காத்திருக்க வேண்டிய அவசியம் அடியோடு ஒழிந்தது. வீடு கட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்! வாழ்நாளெல்லாம் மற்றவர்களைக் குறை சொல்லியே பழகிய லெ கொர்புசியே அதைப் பார்த்துவிட்டு, தான் அறிந்ததிலேயே மிக அழகான வீடு என்று எழுதினார். ஏழையின் வீட்டைப் பற்றி.

57 சதுர மீட்டர் என்பது 614 சதுர அடி. நம் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் கிராமத்து வீட்டுக்குக் குறைந்தபட்சம் 25 சதுர மீட்டர், அதாவது 269 சதுர அடி. அதையும் நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும்.

வீடு தயார். அதை அரசாங்கம் வரிசையாக வாங்க வேண்டுமானால் தொழில்நுட்ப அங்கீகாரம் வேண்டும். அது கிடைக்கவில்லை. ஆட்சேபணை என்னவென்றால், குளியலறையும் சமையல் மேடையும் வீட்டின் நடுவில் இருக்கின்றன, வெளிச்சுவரில் அவற்றுக்கு ஜன்னல் இல்லை, ஆகவே விதிப்படி சரியில்லை.

இந்த இடத்தில் எல்லோரும் அதிகாரிகளைத் திட்டுவார்கள். நான் அந்த வரிசையில் சேர மாட்டேன். ஜன்னல் வேண்டும் என்ற விதி வானத்திலிருந்து விழவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸில் காசநோயால் இறந்தவர்களை வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். வெளிச்சமும் காற்றும் இல்லாத அதே சில கட்டடங்களிலிருந்தே பாடைகள் வந்துகொண்டிருந்தன. அந்தச் சாவுகளிலிருந்து பிறந்த விதிகள் அவை. விதியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த குமாஸ்தா கெட்டவர் இல்லை.

ஆனால் அவர் ஒன்றைக் கேட்டிருக்கலாம். ஜன்னல் எதற்காக? காற்றுக்காக. இந்த வீட்டில் காற்று வேறு வழியில் போகிறதா? போகிறது என்றால் ஒரு நிபந்தனையோடு 50 வீட்டுக்கு அனுமதி, ஒரு வருடம் பார்த்துவிட்டு மேலே போகலாம் என்று குறிப்பு எழுத எந்த அலுவலகத்திலும் இடம் உண்டு. என் அனுபவத்தில், விதியின் எழுத்தைப் படிப்பவர்கள் பத்துப் பேர் என்றால், அது எதற்காக வந்தது என்று படிப்பவர் ஒருவர்தான். 1969-இல் பிரான்சிலேயே விதி மாறியது. ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியே பார்க்க வேண்டியதில்லை, வீடு முழுக்கக் காற்று ஓடினால் போதும் என்று ஆனது. இன்று பாரிஸில் ஜன்னல் இல்லாத குளியலறைகள் ஏராளம். பதின்மூன்று வருடம் முந்திப் பிறந்துவிட்டது அந்த வீடு. இக்ளூவை எந்த விதியும் தடுக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. அது வீடு என்ற கணக்கிலேயே வரவில்லை, ஆகவே எந்த மேசைக்கும் போகவில்லை.

பிறகு பணம் பெரிய கான்கிரீட் அடுக்குமாடிகளுக்குப் போனது. நம் புதுச்சேரிக்காரர்கள் பலர் குடியிருக்கிறார்களே சார்செல், அது அந்தக் காலத்தில் எழுந்ததுதான். புரூவே 1984-இல் காலமானார். ஆப்பிரிக்கக் காலனிகளுக்காக அவர் செய்து விமானத்தில் அனுப்பிய வெப்பமண்டல வீடுகளில் ஒன்றை, காங்கோவின் பிரசாவில் நகரத்திலிருந்து கழற்றிக் கொண்டுபோய் 2007-இல் நியூயார்க்கில் ஏலம் விட்டார்கள். ஏறக்குறைய 50 லட்சம் டாலருக்குப் போனது. அவருடைய அகதி வீடுகளும் இப்போது கலைக்கூடங்களில் விலைபோகின்றன.

நல்ல குட்டி வீடு அந்த நாட்களில் எங்குமே நடக்கவில்லையா என்று கேட்டால், நடந்தது, நம் நாட்டில். புரூவேயோடு சேர்ந்து கழற்றிப் பூட்டும் வீடுகளில் வேலை செய்தவர் பியேர் ழான்னரே. லெ கொர்புசியேவின் பங்காளி முறை. அவரும், மேக்ஸ்வெல் ஃபிரை, ஜேன் ட்ரூ என்ற ஆங்கிலத் தம்பதியும்தான் சண்டிகரில் அரசு ஊழியர் குடியிருப்புகளை வடிவமைத்தார்கள். முதலமைச்சர் முதல் கடைநிலை ஊழியர் வரை சம்பளப் படிவரிசையில் முதலில் 13 வகை வீடு. (குவார்ட்டர்ஸுக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தவர்களுக்கு இந்தப் படிவரிசையின் மகிமை தெரியும்.) கடைசி வகை பியூன்களுக்கானது. செங்கல் வீடு, மிகக் குறைந்த பணம். ஆனாலும் இரண்டு அறை, சமையலறை, குளியலறை, தண்ணீர் ஊற்றும் கழிப்பறை, பின்னால் ஒரு முற்றம். ராத்திரி கட்டிலைப் போட்டுப் படுக்க முற்றம் வேண்டும் என்பது அந்தச் சீமைக்காரர்களுக்குப் புரிந்திருந்தது. குழாய்த் தண்ணீரும் பாதாளச் சாக்கடையும் பள்ளியும் கடையும் நடக்கும் தூரத்தில் இருந்தன. யுனெஸ்கோ பட்டியலில் இந்த வீடுகள் இல்லை. ழான்னரே 1965 வரை அந்த ஊரிலேயே இருந்தார். 1967-இல் அவர் இறந்த பிறகு, அவர் விருப்பப்படி சாம்பலைச் சண்டிகரின் சுக்னா ஏரியில் கரைத்தார்கள்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. சார்செலில் பிறந்து வளர்ந்த என் தங்கையின் பேரன், வாடகை கட்டி மாளவில்லை என்று, சக்கரத்தின்மேல் இழுத்துப் போகும் ஒரு குட்டி வீட்டுக்குத் தன் சேமிப்பு முழுவதையும் போடப் போவதாகப் போனில் சொன்னான். 'தாத்தா, கரன்ட் பில்லே வராது, மரக்கட்டைதான், லைட்டா இருக்கும்' என்றான். லைட்டாகத்தான் இருக்க வேண்டும். இழுவை வண்டியோடு வீடு 3.5 டன்னைத் தாண்டக் கூடாது. நான் எடையைக் கேட்கவில்லை. யாருடைய மனை, தண்ணீர் எங்கிருந்து, கழிவு எங்கே போகிறது, மேயர் அலுவலகத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். 'அதெல்லாம் பிறகு பார்த்துக்கலாம், தெரிஞ்சவரோட தோட்டம்' என்றான். அபே பியேரின் வழி!

2014-இல் பிரான்சில் வந்த ஒரு சட்டம், கழற்றிப் பூட்டும் வீட்டையும் முழு நேரக் குடியிருப்பாக ஏற்றுக்கொள்கிறது. ஊராட்சி தன் நில வரைபடத்தில் அதற்கென்று இடம் குறிக்கலாம். குறிக்கலாம் என்றுதான் இருக்கிறது, குறித்தே ஆக வேண்டும் என்று இல்லை. சக்கரம் உள்ள வீட்டை ஒரே மனையில் வருடத்துக்கு மூன்று மாதத்துக்குமேல் நிறுத்த வேண்டுமானால் முறைப்படி மனு கொடுக்க வேண்டும். இதைச் சொன்னதும் அவன் குரல் இறங்கிவிட்டது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சார்செல் பதினோராவது மாடியில் அவன் கொடுக்கும் வாடகையை நினைத்தால் அவன் ஆசை நியாயமானதுதான். முன்பணம் கட்டுவதற்கு முன் மேயர் அலுவலகத்தில் எழுத்தில் கேள், வாய்வார்த்தையை நம்பாதே, தோட்டக்காரரிடம் தண்ணீருக்கும் பாதைக்கும் சேர்த்து ஒப்பந்தம் எழுது என்றேன்.

போன வாரம் மனுவை அனுப்பிவிட்டானாம். பதில் வந்தால் எனக்கு ஒரு நகல் வாட்ஸப்பில் போடச் சொல்லியிருக்கிறேன். கணினி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பிரெஞ்சு அரசாங்கக் கடிதத்தில் கடைசிப் பத்தியை எப்படிப் படிக்க வேண்டும் என்பது தெரியும்.